அணைப்பதற்கான வயர்

மேக்னெட்டோ இடது பத்தி, எலக்ட்ரானிக் பெட்டி வலது பத்தி, நடுவே ஒரு கோடு, சேர்மன் கேட்டது இவ்வளவுதான், ஒரே பக்கத்தில் இருக்கட்டும் மேடம், இரண்டாவது பக்கத்தைக் கமிட்டியில் ஒருத்தனும் திருப்ப மாட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், அவர் ஜவ்வரிசி ஆலைக்காரர், கிழங்கு மூட்டை என்ன விலை, அதில் மாவு எவ்வளவு தேறும் என்று ஒரே பார்வையில் பார்த்துப் பழகியவர், எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் ஐந்து சின்ன விமானங்களையும் அப்படித்தான் பார்க்கிறார், அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, கிழங்கு லாபத்திலிருந்துதானே எனக்குச் சம்பளம் வருகிறது. சாயங்காலம் கமிட்டி கூடுகிறது. அதற்குள் அனுப்ப வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றை ஒரு விமானத்தில் எடுத்துவிட்டு, அதே வேலைக்கு எலக்ட்ரானிக் பெட்டி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது, மீதி நான்குக்கும் மாட்டலாமா, இலாபமா நஷ்டமா, இதுதான் கேள்வி, இந்தக் கேள்விக்கு என்னை விட்டால் இங்கே ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அந்தக் கர்வம்கூடக் கொஞ்ச நாள் முன்புவரை இருந்தது. மேக்னெட்டோ பத்தியில் முதல் வரி, ஐந்நூறு மணி நேரம் பறந்ததும் கழற்றிப் பிரிக்க வேண்டும். எழுதிவிட்டேன். பிரிக்கிற கூலி, உள்ளே தேய்ந்துபோகிற பாயிண்ட், பேரிங், எல்லாம் கடல் தாண்டி வர வேண்டிய சாமான், வந்து சேர்கிற வரைக்கும் விமானம் ஹாங்கர் கொட்டகையில் நிற்கும், நிற்கிற விமானமும் நிற்கிற யானையும் ஒன்று, வேலை செய்யாவிட்டாலும் தீனி போட வேண்டும், அதையும் எழுதிவிட்டேன். பெட்டிப் பத்தியில் வாங்குகிற விலை, அது மேக்னெட்டோவைப் போல இரண்டு மடங்கு, பொருத்துகிற கூலி, அனுமதி வாங்குகிற செலவு, பேட்டரி செத்தால் பெட்டியும் செத்துவிடும் என்பதால் துணைக்கு ஒரு குட்டி பேட்டரி. ஆனால் உள்ளே தேய்வதற்கு ஒன்றும் இல்லை, பிளக் அதிக நாள் உழைக்கிறது, மணிக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் மிச்சம், விமானப் பெட்ரோல் விற்கிற விலைக்கு அந்த இரண்டு லிட்டரே போட்ட முதலைத் திருப்பித் தந்துவிடும். வரிக்கு வரி உண்மை. யார் வந்து கேட்டாலும் ரசீது காட்டுவேன். இத்தனை உண்மையாக ஒன்றை எழுதிக்கொண்டே ஒருத்தி பொய்யாக உட்கார்ந்திருக்க முடியும் என்பது எனக்கு இந்த நாற்பத்தாறு வயதில்தான் தெரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

வெளியே ஒருவன் எஞ்சின் வேகத்தை ஏற்றுகிறான். பயிற்சி மாணவன், ஓடுதளத்துக்குப் போகும் முன் செய்கிற ரன்-அப் சோதனை. சத்தம் ஏறி நிற்கிறது. இப்போது சாவியை ஒரு பக்கம் திருப்புவான். திருப்பிவிட்டான், சத்தம் லேசாக இறங்குகிறது, மறுபடி நடுவுக்கு, மறுபடி ஏறுகிறது, இப்போது அடுத்த பக்கம், இறங்குகிறது. நல்லது, போ. என் காது என்னைக் கேட்காமலே இதைச் செய்கிறது, வீட்டில் குக்கர் விசில் எண்ணுகிற காது மாதிரி. ஒரே எஞ்சினுக்கு இரண்டு தீப்பொறி ஏற்பாடு, ஒன்று போனால் ஒன்று, ஆகாயத்தில் வண்டியை ஓரம் கட்ட முடியாது அல்லவா. இரண்டில் ஒன்றைத் தூங்கவைத்துவிட்டு மற்றதில் மட்டும் ஓடவிட்டால் எஞ்சினின் சுற்று கொஞ்சம் குறைய வேண்டும், சுற்றைக் காட்டுகிற ஊசி நூறு, நூற்றிருபது விழ வேண்டும், அதற்குத்தான் டிராப் என்று பெயர். அதிகம் விழுந்தால் கோளாறு. ஆனால் விழாமலே இருந்தால் அது அதைவிடப் பெரிய கோளாறு, தூங்கவைத்தது தூங்கவில்லை என்று அர்த்தம். மாணவர்கள் வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவைப்போம், விழாவிட்டால் இறங்கு, பறக்காதே, வந்து சொல். ஏனென்றால் மேக்னெட்டோ ஒரு கிறுக்குப் பிறவி. அதற்கு பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், சுற்றினால் போதும், தானே பொறி கக்கும். அணைப்பதற்குத்தான் அதற்கு வயர் வேண்டும். வீட்டில் வயர் அறுந்தால் விளக்கு எரியாது, இதில் வயர் அறுந்தால் விளக்கு அணையாது, சாவியை ஆஃபில் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போனாலும் அது உள்ளே விழித்துக்கொண்டேதான் இருக்கும். இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. அப்பாவின் மொபெட்டில் தெரிந்தது. தூத்துக்குடியில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வந்த அப்பா வண்டியை நிறுத்தப் பட்டனை அழுத்துகிறார், நிற்கவில்லை, மறுபடி அழுத்துகிறார், அது பாட்டுக்குப் படபடக்கிறது, வெள்ளை வேட்டியோடு தெருவை மூன்று தடவை சுற்றி வந்தார், அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள், கடைசியில் சாக்கைச் சுருட்டிப் புகைக் குழாயில் அடைத்துத்தான் அதைக் கொன்றார். ஒரு நைந்த வயர், கட்டை விரல் நீளம்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். இப்போது அந்த மொபெட்டை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

பெட்டி அப்படி இல்லை, பெட்டி நல்ல பிள்ளை, சாவியைத் திருப்பினால் அடங்கிவிடும். மேக்னெட்டோவைத் தூங்கவைத்துவிட்டு அதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால் ஊசி அவ்வளவாக விழுவதும் இல்லை, அதன் பொறி அத்தனை உறுதி, இருபது விழுந்தால் அதிகம். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், இல்லை, மாட்டிக்கொள்ளவில்லை, யாரும் என்னை மாட்டிவைக்கவில்லை, நானாகப் போய்ச் செய்தேன். பெட்டி மாட்டிய புதிதில் மாணவர்கள் தினமும் பாதியில் இறங்கி வந்தார்கள், மேடம் விழலை, மேடம் ஊசி அசையலை, விழாவிட்டால் இறங்கு என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்திருந்தோம், பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்க்க வேண்டும், ஒன்றும் இருக்காது, அதற்குள் வெளியே காற்று வலுத்துவிடும், அன்றைய பாடம் போச்சு, சேர்மனிடமிருந்து போன் வரும், பெட்டி மாட்டியதில் என்ன மிச்சம் மேடம், வண்டி நின்னுக்கிட்டேல்ல இருக்கு என்று. எனக்கு ரோஷம் வந்தது. என் பெட்டியை அவர் குறை சொல்கிறார் என்று, என்னவோ நான் பெற்ற பிள்ளை மாதிரி. அறிவிப்புப் பலகையில் நானே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன், பெட்டி உள்ள விமானத்தில், பெட்டிப் பக்கம் வைத்துப் பார்க்கும்போது ஊசி விழாவிட்டாலும் பரவாயில்லை, பறக்கலாம், கீழே பிலோமினா, பராமரிப்புப் பொறியாளர். கொஞ்சமாவது விழ வேண்டும், சுத்தமாக விழாவிட்டால் வந்து சொல் என்று எழுதியிருக்கலாம். இன்னும் ஒரு வரிதான். இருபதுக்கும் பூஜ்யத்துக்கும் ஊசியில் மயிரிழைதான் வித்தியாசம், பிள்ளைகளுக்குக் குழப்பம், குழப்பம் என்றால் தாமதம், தாமதம் என்றால் செலவு. அது மட்டுமா. எஞ்சினை நிறுத்துகிற முன் சாவியை ஒரு நொடி ஆஃபுக்குக் கொண்டுபோய் அது சாகிறதா என்று பார்க்கிற வழக்கம் ஒன்று இருந்தது, வயர் அறுந்திருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும், அதையும் நான்தான் எடுத்தேன். சாவியைத் திரும்பப் போடும்போது டப்பென்று வெடித்துச் சைலன்சர் பிளக்கிறது, வருஷத்துக்கு இரண்டு சைலன்சர், அதை மிச்சம் பிடித்தேன். வலது பத்தியில் ஏழாவது வரியில் அந்த மிச்சம் இதோ இருக்கிறது.

மாதையனின் விரல்களை எந்தப் பத்தியில் எழுதுவது. சீ, என்ன யோசனை இது, ஆனால் காலையிலிருந்து இதுதான், வேறு எதை எழுதினாலும் மனசு சுற்றிச் சுற்றி அந்த இடத்திலேயே வந்து நிற்கிறது. அறுந்தது மேக்னெட்டோவின் வயர், அப்படியானால் இடது பத்தி. மறைத்தது பெட்டி, பெட்டி இருந்ததால்தான் விழாத ஊசியை யாரும் சட்டை செய்யவில்லை, அப்படியானால் வலது பத்தி. பலகையில் எழுதியது நான், எனக்குப் பத்தியே இல்லை. மாதையன் ஹாங்கர் ஆள், ஊர் இங்கேயே ஏரிக்கு அந்தப் பக்கம், விமானங்களைத் தள்ளி உள்ளே அடுக்குவது, துடைப்பது, பெட்ரோல் ஊற்றுவது. எங்கள் ஹாங்கர் சின்னது, ஒன்றின் இறக்கைக்கு அடியில் இன்னொன்றின் மூக்கைச் செருகித்தான் ஐந்தையும் நிறுத்த முடியும், முன்னாலிருக்கிற காற்றாடி செங்குத்தாக நின்றால் மேலே இடிக்கும், அதனால் ஒவ்வொரு விமானமும் வந்து நின்றதும் மாதையன் காற்றாடியைக் கையால் பிடித்துத் திருப்பிப் படுக்கவைப்பான். படுக்கவெச்சாச்சுங்க மேடம் என்பான், பிள்ளையைத் தூங்கவைத்த மாதிரி. எத்தனையோ வருஷமாகச் செய்கிறான், ஒரு நாளும் பிழை வந்ததில்லை. அன்று தாரிணி தனியாகப் பறந்துவிட்டு இறங்கினாள், தனியாகப் பறந்ததில் அவளுக்கு அதுதான் நீண்ட தூரம், இறங்கும்போதே முகமெல்லாம் பல். பெட்ரோலை அடைத்து எஞ்சினை நிறுத்தினாள், சாவியைத் திருப்பினாள், இறங்கினாள், மாதையண்ணா நான் போய்ட்டு வந்துட்டேன் என்றாள், அவன் சிரித்துக்கொண்டே காற்றாடியில் கை வைத்தான். நான் இந்த ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாடி ஒரே ஒரு உதை விட்டது. உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி, அவ்வளவுதான், எஞ்சின் ஓடக்கூட இல்லை, அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

அந்தப் பெண் என்ன செய்தாள், பயத்தில் மறுபடி விமானத்துக்குள் ஏறிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். நாங்கள் எல்லாரும் ஓடிப்போனபோது சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒன்றுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. அப்படியே விட்டிருந்தால் சாவி எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்திருக்கலாம், இப்போது யாருக்கும் தெரியாது, அவள் சொல்வதுதான். நான் ஆஃப் பண்ணேன் சார், பண்ணேன் சார் என்று தலைமைப் பயிற்சியாளரிடம் அழுதாள். ஆஃப் பண்ணியிருந்தால் எப்படிம்மா உதைக்கும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளாக நான் அந்த அறையிலேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்போது தெரியாது, சத்தியமாக அந்த நிமிஷம் தெரியாது, சந்தேகம்தான் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு எஞ்சினை மூடியிருக்கிற மூக்கு மூடியைத் திறந்தேன். மேக்னெட்டோவின் முதுகில் அந்த வயர் அதன் திருகிலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. நடுங்கி நடுங்கி நைந்து அறுந்திருக்கிறது, புதிதாக அறுந்த செம்பு, பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டேன். பிறகு என்ன செய்தேன் என்றால், இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை, ஒரு திட்டமும் போடவில்லை, பழக்க தோஷம், அறுந்ததைக் கண்டால் கை தானாகப் போகிறது, நுனியைச் சீவினேன், புது முனை வைத்து நசுக்கினேன், திருகை முடுக்கினேன், மூடியை மூடினேன். மூடிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அப்போதுகூட ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கை கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மாதையனுக்கு ஆபரேஷன் முடியட்டும் என்று இருந்தேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து போகட்டும் என்று இருந்தேன், பராமரிப்புக் கோளாறு என்றால் அவனுக்குப் பணம் வராமல் போய்விடுமோ என்று அவனுக்காகப் பயப்படுகிற மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டேன், என்ன கெட்டிக்காரி, பாவத்துக்கும் ஒரு புண்ணியப் பெயர் வைத்துவிட்டேன். உள்ளபடி என் லைசென்ஸுக்குத்தான் பயந்தேன். பதினெட்டு வயதில் தூத்துக்குடியை விட்டு வந்து, ஆம்பிளைப் பயல்கள் நிறைந்த வகுப்பில் ஒருத்தியாக உட்கார்ந்து, ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டவனையெல்லாம் தாண்டி வாங்கிய லைசென்ஸ். அது போனால் நான் யார். இதை நினைத்த உடனே அடுத்த நினைப்பு வந்து அறைகிறது, அந்தப் பெண்ணுக்கும் அதே வயதுதானே, அவளும் அதே போல ஒருத்திதானே. ஆஸ்பத்திரியில் மாதையனைப் பார்க்கப் போனேன், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்கூட இப்படிப் பலகாரத்தோடு போயிருக்க மாட்டான். அவன் இடது கையால் டம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். வலிக்குதா என்றேன். இல்லாத விரலு வலிக்குதுங்க மேடம், ராத்திரியில அரிக்குது, எங்க சொறியறதுன்னு தெரியலைங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தான், பிறகு, அந்தப் புள்ளையத் திட்டாதீங்க, சின்னப் புள்ள, சந்தோசத்துல மறந்துபோச்சு என்றான். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன். ஆம் என்றா, சரி என்றா. ஒரு தலையாட்டலில் அந்தப் பெண்ணை மறுபடி ஒரு தடவை குற்றவாளி ஆக்கிவிட்டு, டம்ளரை வாங்கிக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

நாங்கள் அவளை நீக்கவில்லை. அதில் பள்ளி ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. விலகுவதாக அவள்தான் எழுதிக் கொடுத்தாள், இன்று அப்பாவோடு வருகிறாள், எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக, கடைசிக் கையெழுத்து என்னுடையது. எப்போது வருவார்கள் என்று தெரியாது. வராமலே இருக்கட்டும் என்று ஒரு மனசு, வந்து தொலையட்டும் என்று ஒரு மனசு. சேர்மன் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார், விபத்தையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள் மேடம், மனிதத் தவறு, கருவிக்குச் சம்பந்தமில்லை என்று, இல்லையென்றால் கமிட்டியில் யாராவது பெட்டியைச் சந்தேகப்படுவார்கள். மனிதத் தவறு. சரியாகத்தான் சொல்கிறார், மனிதர் யார் என்பதில்தான் சின்ன மாறுதல். திரையில் கடைசிக் கட்டத்தில் ம என்று அடித்தேன், அழித்தேன். பெட்டியின் மேல் பழி போட எனக்கும் மனசில்லை, நல்ல சாமான், இன்னொரு மேக்னெட்டோவையும் எடுத்துவிட்டு இரண்டுக்கும் பெட்டியே மாட்டியிருந்தால் மாதையன் இன்றைக்குப் பத்து விரலோடு காற்றாடியைப் படுக்கவைத்துக்கொண்டிருப்பான், காசு போதாது என்று ஒன்றோடு நிறுத்தியது கமிட்டி, ஒன்றும் ஒன்றும் கலந்து நின்றதில்தான் இந்த ஓட்டை விழுந்தது, பார், மறுபடி கமிட்டி, மறுபடி காசு, எப்படியாவது வேறொருத்தர் தலையில் இறக்கிவைக்க இடம் தேடுகிறது இந்தப் பாழாய்ப்போன மனசு. பலகையில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. இதுவரை அதைக்கூடக் கிழிக்கவில்லை, கிழித்தால் ஏன் கிழித்தாய் என்று கேட்பார்களே. வெளியே அடுத்தவன் எஞ்சினை ஏற்றுகிறான். பெட்டி விமானம். ஒரு பக்கம் விழுகிறது. அடுத்த பக்கம் விழுகிறதா, இல்லையா, என் காதுக்குக்கூடச் சரியாகப் பிடிபடவில்லை, அவன் போய்விட்டான்.

கதவைத் தட்டினார்கள். தாரிணியும் அவள் அப்பாவும். நாச்சிமுத்து, திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் லாரி இரண்டு ஓடுகிறது, வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை வெயில் கறுப்பு. கையில் ஒரு பை கொய்யாப்பழம், தோட்டத்துக் காயுங்க என்று மேஜையில் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் செய்த காரியத்துக்காக ஒவ்வொரு அறையிலும் நின்று வருத்தம் தெரிவித்துவிட்டு வருகிறார் போலிருக்கிறது, அந்த வார்த்தைகள் பழகிப்போய் வந்தன, புள்ளை கவனக்கொறைவா இருந்துபோட்டா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, அந்த மனுசனுக்கு எங்களால ஆனது செய்வோம் என்றார். தாரிணி இளைத்திருந்தாள். படிவத்தை என் முன்னால் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவளைப் பார்க்காமல் போட்டுவிடலாம். பேனா கையில்தான் இருக்கிறது. வேறு பள்ளியில் சேரப் போகிறாயா என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"இல்ல மேடம். எனக்கு இது வேண்டாம். மொதல்ல நான் ஆஃப் பண்ணேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். இப்ப யோசிச்சா கை அந்தப் பக்கம் போன மாதிரியே ஞாபகம் இல்ல. ஆன்லயே விட்டுட்டு எறங்குனது அப்படியே கண்ணுல தெரியுது."

எதற்குத் தயாராக இருந்தாலும் நான் இதற்குத் தயாராக இல்லை. அழுவாள் என்று நினைத்தேன், முறைப்பாள் என்று நினைத்தேன். எங்கள் எல்லாரையும் நம்பி, தன் கையை நம்பாமல் போய், நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்த்த மாதிரி வைத்திருக்கிறாள். விரல் போனது ஒருத்தனுக்கு. இவளுக்கு நாங்கள் எதை வெட்டி எடுத்திருக்கிறோம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன், அது உருண்டு விழுந்தது, எடுக்கவில்லை.

"தாரிணி, நீ ஆஃப் பண்ணே. சாவி ஆஃப்லதான் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள், பாவம் மேடம் என்கிற பார்வை. நாச்சிமுத்துவின் முகம் கனிந்தது. உங்களுக்குப் பெரிய மனசுங்க என்றார், ஆனா புள்ளைக்கு ஆறுதலுக்காக இல்லாததைச் சொல்லாதீங்க, தப்புப் பண்ணுனா பண்ணுனேன்னு ஒத்துக்கோணும்னு சொல்லித்தான் வளத்தியிருக்கறேன் என்றார். நான் மறுபடி சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையை விற்க முடியாமல் கூவிக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆள் இல்லை. டீசல் லாரி ஓட்டுகிறவருக்கு இதை எப்படிச் சொல்வது, டீசலுக்குப் பொறியே கிடையாது. அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னேன், மேக்னெட்டோவை அணைக்கிற எர்த் வயர் அறுந்திருந்தது, நான் மூடியைத் திறந்து பார்த்தேன் என்று. அவ்வளவுதான் சொன்னேன், விளக்கவில்லை. அவள் நல்ல மாணவி. நெற்றி சுருங்கியது. உதடு லேசாக அசைந்தது, வகுப்பில் கேள்விக்குப் பதில் யோசிக்கும்போது அசைகிற மாதிரியே.

"அன்னிக்கு ரன்-அப்ல பெட்டிப் பக்கம் சுத்தமா விழல மேடம். ஊசி அசையவே இல்ல. நான் பாத்தேன். எறங்கிடலாமான்னுகூட நெனச்சேன்." அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லைன்னு போர்டுல போட்டிருந்துச்சு."

ஆமாம் என்றேன். அவள் வலது கையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், விரல்களை மடக்கி நீட்டினாள், காற்றில் ஒரு சாவியைத் திருப்பினாள். திருப்பிட்டேன்ப்பா, நான் திருப்பியிருக்கேன் என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் முகத்தில் வந்த அந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக் கூடாது, எனக்கு அதைப் பார்க்கிற அருகதை இல்லை, ஆனாலும் பார்த்தேன், என் நெஞ்சு அப்படியே இளகியது, சொல்லிவிட்டேன், அப்பாடா, சொல்லிவிட்டேன் என்று எனக்குள் யாரோ குதிக்கிறார்கள், இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை நாள் என்று. நாச்சிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த வெளிச்சம் மெல்ல அடங்கியது. வேறு எதையோ நினைத்துக்கொண்டாள்.

"நான் மாதையண்ணன் வீட்டுக்குப் போய் கால்ல விழுந்தேன் மேடம். மன்னிச்சுட்டேன், எந்திரி கண்ணுன்னாரு. எடது கையாலதான் தூக்கி விட்டாரு."

பிறகு அவள், வயர் அறுந்திருந்தது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், நேற்று என்று சொல்வேன் என்று அவளே எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது, நேற்றுதான் பிரித்தேன் என்று சொன்னால் போதும், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவாள், கொய்யாப்பழத்தைக்கூட நான் சாப்பிடலாம். நேற்று. மூன்றே எழுத்து. நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பத்திகளும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. அவளுடைய கண்ணில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை, அதுதான் என்னைச் சொல்லவைத்தது என்று நினைக்கிறேன், இல்லை, தெரியவில்லை, எது சொல்லவைத்தது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும்."

மின்விசிறி சுற்றியது. நாச்சிமுத்து இப்போதுதான் முழுவதும் புரிந்துகொண்டார், அவர் முகத்திலிருந்து அந்தக் கனிவு இறங்கியதைப் பார்த்தேன், அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாரிணி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மேஜையிலிருந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா, வண்டிய எடுங்க. மாதையண்ணன் வீட்டுக்குப் போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க."

மேடம் என்று சேர்க்கவில்லை. நான் எழுந்தேன்.